இரண்டாவது குழாய்

எட்டு ஆண்டுகளுக்கு முன், பிப்ரவரி ஒன்பதாம் தேதி காலை பத்தே முக்காலுக்கு, மரபணுப் பரிசோதனைக்கூடத்தின் இரண்டாம் மாடியில், என் தங்கையின் இடது கையிலிருந்து ஒரு குழாய் ரத்தம் எடுத்தேன்.

எனக்குக் கை லேசு. என்னிடம் குழந்தைகள்கூட அழுவதில்லை. தங்கைக்கு ஊசி என்றால் சின்ன வயதிலிருந்தே பயம். அன்றும் சுவரைப் பார்த்துக்கொண்டு, "குத்தப் போறப்ப சொல்லுக்கா," என்றாள். "எடுத்தே முடிச்சாச்சு, எந்திரி," என்றேன். சிரித்தாள். சொந்தக்காரர்களின் ரத்தத்தை நாங்கள் எடுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அவளுடைய பயத்தைச் சொல்லி அனுமதி கேட்டேன், கொடுத்தார்கள். அதில் அவர்கள்மேல் குற்றமில்லை. இருபது ஆண்டு வேலையில் நான் ஒரு குழாயைக்கூடத் தவறி மாற்றி வைத்ததில்லை.

விசாரணைக் குழு கேட்டபடி வரிசையாகச் சொல்கிறேன். நடுவில் நிறுத்தினால் பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போதெல்லாம் பேசினாலே களைத்துவிடுகிறது.

அப்பாவின் நோய் பரம்பரையாக வருவது. நாற்பது வயதுவாக்கில் விரல்கள் தாமாக ஆடத் தொடங்கும். பிறகு நடை, பேச்சு, விழுங்குவது, கடைசியில் புத்தி. ஒரு மரபணுவில் மூன்று எழுத்துகள் திரும்பத் திரும்ப வருகின்றன. எத்தனை தடவை என்று எண்ணுவதுதான் சோதனை. நாற்பதைத் தாண்டினால் நோய் வந்தே தீரும். பிள்ளைகளுக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மருந்து கிடையாது.

அப்பா பதினொரு ஆண்டு படுக்கையில் இருந்தார். ஏழு ஆண்டு அம்மா பார்த்துக்கொண்டாள். அம்மா போனபின் அவரை ஒரு காப்பகத்தில் சேர்த்தோம். அங்கே நோயாளிகள் விழுந்துவிடாமலிருக்கப் பழைய போர்வையைக் கிழித்து மணிக்கட்டைக் கட்டிலோடு கட்டுவார்கள். ஊட்டுகிறவர் ஒரு தட்டுக்கு நான்கு நிமிடம் செலவிடுவார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

தங்கையை அப்பா 'எறும்பு' என்றுதான் கூப்பிடுவார். தன்னைவிடப் பெரிதாக எதையாவது தூக்கிக்கொண்டே திரிவாள். வாரத்தில் மூன்று நாள் காப்பகத்துக்குப் போய் அப்பாவுக்கு ஊட்டியது அவள்தான். ஒரு தட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும் அவளுக்கு.

அவள் கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். "மைக்ராஸ்கோப் பார்த்துப் பார்த்துக் கண்ணு மங்கிடுச்சுன்னா நம்ம கடைக்கு வாங்கக்கா. உங்களுக்கு மட்டும் ரெட்டை விலை," என்று கிண்டல் செய்வார். நல்ல மனிதர். அவள் எட்டு வாரக் கர்ப்பமாக இருந்தபோது, குழந்தைக்காகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருவரும் முடிவெடுத்துச் சோதனைக்கு வந்தார்கள்.

எங்கள் முறை இது. குழாயில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். பதினான்கு நாள் இடைவெளியில் இரண்டு தடவை ரத்தம் எடுப்போம். இரண்டும் ஒரே எண்ணிக்கையைக் காட்டினால்தான் முடிவு வெளியே போகும். வேண்டாம் என்று நினைப்பவர்கள் விலகிக்கொள்ளவும் அந்தப் பதினான்கு நாள் உதவும்.

முதல் நாள் அவள் கிளம்பியதும் கதவைச் சாத்திவிட்டு என் கையிலிருந்தும் ஒரு குழாய் எடுத்தேன். எனக்கு அப்போது நாற்பது வயது. அதுவரை சோதித்துக்கொள்ளும் தைரியம் வந்ததில்லை. இரண்டையும் நானே இயந்திரத்தில் ஏற்றினேன். மூன்றாம் நாள் முடிவு வந்தது. தங்கைக்குப் பதினேழு. எனக்கு நாற்பத்து நான்கு.

தலைமை மருத்துவர் நேற்று என்னைத் தனியாகப் பார்த்து, "லேபிள் மாறிப்போச்சுன்னு எழுதிடலாமேம்மா. யாருக்கும் நடக்கறதுதானே," என்றார். இரக்கத்தோடுதான் சொன்னார். ஆனால் என் மேஜையில் லேபிள் மாறாது. அவள் குழாயிலிருந்த லேபிளை உரித்து என் குழாயில் ஒட்டியது நான். இருபத்து மூன்றாம் தேதி அவள் மறுபடி வந்தாள். அன்று அவளிடம் எடுத்ததைக் கழிவுப்பெட்டியில் போட்டுவிட்டு, அவள் எண் ஒட்டிய இரண்டாவது குழாயை என் கையிலிருந்தே நிரப்பினேன். நடுவில் பதினான்கு நாள் இருந்தது. அதைக் கைத்தவறு என்று எழுதினால் என் வேலைக்குத்தான் அவமானம்.

ஏன் என்று கேட்டீர்கள். நோய் எனக்கு என்று தெரிந்திருந்தால் அவள் என்ன செய்திருப்பாள் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் நான். இரண்டையும் தூக்கப் பார்த்து நடுவழியில் விழுந்திருப்பாள். ஒரு பாரத்தைக் குறைத்தேன். எனக்கு அப்படித்தான் பட்டது.

முடிவைச் சொன்னபோது அவள் அழவில்லை. அவள் கணவர்தான் அழுதாராம். கருவிலுள்ள குழந்தையையும் சோதிக்கலாம், அதற்கு இல்லையென்றால் தைரியமாகப் பெற்றுக்கொள்ளலாம் என்று ஆலோசகர் சொல்லியிருக்கிறார். அவள் கணவரும் அதையே விரும்பினார். மறுநாள் மதிய இடைவேளையில் தங்கை என்னைத் தேடி வந்தாள். பரிசோதனைக்கூடத்துப் படிக்கட்டில் உட்கார்ந்தோம்.

"நீ என்னக்கா சொல்றே? குழந்தைக்கு இல்லைன்னா பெத்துக்கலாம்ல?"

"பெத்துக்கலாம். அதுக்குப் பத்து வயசாகறப்ப உனக்கு ஆரம்பிக்கும். நாம அப்பாவைப் பார்த்த மாதிரி அது உன்னைப் பார்க்கும். உனக்குச் சரின்னா பண்ணு."

கருவைச் சோதிக்க வயிற்றுக்குள் இறக்கும் ஊசி எவ்வளவு நீளம் என்று கேட்டாள். விரலால் காட்டினேன்.

பதிமூன்றாம் வாரத்தில் கருவைக் கலைத்தார்கள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தேன்.

அடுத்த ஆண்டு அவளாகவே கணவரிடம் பேசி விலகிக்கொண்டாள். அவர் லேசில் சம்மதிக்கவில்லை. இப்போது அவருக்கு வேறு குடும்பம், இரண்டு பெண் குழந்தைகள். தங்கை என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளுக்கு முடியாமல் போனால் நான் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லியிருந்தேன். நான் சோதித்துக்கொள்ளவே இல்லை என்றும் சொல்லியிருந்தேன்.

மூன்று ஆண்டு நன்றாக இருந்தோம். சாயங்காலங்களில் சீட்டு ஆடுவோம். அவள் கள்ளாட்டம் ஆடுவாள். நான் கண்டுகொள்ள மாட்டேன். பிறகு ஒரு நாள் என் கையிலிருந்த சீட்டுகள் ஆடத் தொடங்கின. அவள் தன் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, என் விரல்களையே வெகுநேரம் பார்த்தாள்.

"எனக்கு ஆரம்பிக்கறதுக்குள்ள உன்னை நல்லாப் பார்த்துக்கணும்கா," என்றாள்.

பள்ளி நூலகத்தில் அவளுக்கிருந்த வேலையை விட்டாள். நான்கு ஆண்டாகக் குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, ஊட்டிவிட்டாள். ஒரு தட்டுக்கு ஒரு மணி நேரம். கரண்டியை என் உதட்டருகே பிடித்துக்கொண்டு, நான் விழுங்கி முடிக்கும்வரை வேறெங்கோ பார்ப்பாள், எனக்குக் கூச்சமாக இருக்கக் கூடாதென்று.

இந்த நோய்க்கு ஒரு புது மருந்தைப் பரிசோதிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, இரண்டு மாதத்துக்கு முன் எனக்குத் தெரியாமல் பெயர் கொடுத்திருக்கிறாள். தனக்குப் பலித்தால் எனக்கும் வாங்கித் தரலாம் என்ற கணக்கு. ஊசிக்குப் பயந்தவள் தானே போய்க் கையை நீட்டியிருக்கிறாள். அவர்கள் புதிதாக ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பதினேழு. எங்கள் கூடத்துக்குக் கடிதம் வந்தது. பழைய மாதிரிகளை நாங்கள் உறையவைத்துப் பாதுகாப்போம். எடுத்துப் பார்த்தபோது இரண்டுமே என்னுடையவை என்று தெரிந்தது. மீதி உங்களுக்குத் தெரியும்.

கூடத்திலிருந்து அவளுக்குச் சொன்னது வியாழக்கிழமை. வீட்டுக்கு வந்து வாசற்கதவிலேயே நின்றாள். கத்தவில்லை.

"முதல் தடவையை விடு. ரெண்டாவது தடவை என் கையில குத்தினப்ப என்ன நினைச்சே?"

உண்மையைச் சொன்னேன். "உனக்கு வலிக்கக் கூடாதுன்னு நினைச்சேன்."

செருப்பைக் கழற்றினாள். பிறகு உள்ளே வந்து எனக்குச் சாப்பாட்டை மசித்து ஊட்டினாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். வீட்டுச் சாவியைக் குளிர்சாதனப்பெட்டியின்மேல் வைத்துவிட்டுப் போனாள். பதினொரு நாள் ஆகிறது. காலையும் மாலையும் ஏஜென்சியிலிருந்து ஒரு பெண் வருகிறாள். கெட்டவள் இல்லை. ஒரு தட்டுக்கு ஆறு நிமிடம்.

நான் சொல்லச் சொல்ல எழுத்தர் இதை எழுதினார், படித்தும் காட்டினார். எல்லாம் சரியாக இருக்கிறது. பேனா பிடிக்க முடியாததால் பெருவிரல் ரேகை வைக்கிறேன். எனக்கு ஒரு நகல் வேண்டும். தங்கை வந்ததும் காட்ட வேண்டும். கோபம் ஆறியதும் வந்துவிடுவாள். பாவம், அவளுக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்.