பதினைந்தரை மணி நேரம்

உலக வரைபடத்தில் அடிக்கோல் வைத்துத் தூரம் அளப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும், இன்ஸ்பெக்டர். பூமி உருண்டை; தட்டைத் தாளில் போட்ட கோடு பொய் சொல்லும். எந்த விமானம் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் பறக்கும் என்று முப்பத்தாறு வருடம் விமான நிலையத்தில் கணித்துக் கொடுத்தவன் நான்.

தம்பி இருக்கும் ஊர் இங்கிருந்து பதின்மூவாயிரத்து நூறு கிலோமீட்டர். வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டு போனவன். அப்பாவைக் குளிப்பாட்டியது, நகம் வெட்டிவிட்டது எல்லாம் நான். ஆனால் யார் வந்தாலும் அப்பாவுக்கு அவன் பேச்சுதான்.

"சின்னவன் பறக்கிறான். பெரியவன் அவன் பறக்கிறதுக்கு மணி பார்த்துச் சொல்றான்" என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு, டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போவேன்.

எனக்குப் பொறாமை என்று தம்பி சொல்லியிருப்பான். இல்லை. குடும்பம் என்றால் வரிசை என்று ஒன்று உண்டு. தலைமாட்டில் நிற்க வேண்டியவன் மூத்தவன். சொல்லாமல் போனவன் கடைசி நேரத்தில் வந்து மன்னிப்பு வாங்கிக்கொண்டால் எங்கள் வீட்டுக்கு என்ன மரியாதை?

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு டாக்டர் வீட்டுக்கு வந்து அப்பாவைப் பார்த்தார். "நாளைக்கு இந்நேரம் வரைக்கும் தாங்கினா பெரிசு. வரவேண்டியவங்களை இப்பவே வரச் சொல்லிடுங்க" என்றார்.

நான் தம்பிக்குப் பதினொரு மணிக்குத்தான் சொன்னேன். அந்த ஐந்து மணி நேரத்தை யோசித்துத்தான் வைத்தேன். அவன் விமானம் ஏற மூன்று மணி நேரம். என் காலத்தில் அங்கிருந்து நம் ஊருக்கு எந்த விமானமும் ஒரே மூச்சில் வந்ததில்லை. நடுவில் இறங்கி எரிபொருள் போட்டுக்கொண்டுதான் வரும். அந்தப் பயணம் மட்டும் இருபத்தொரு மணி நேரம். மறுநாள் பதினொன்றுக்கு முன்னால் அவனால் இங்கே கால் வைக்க முடியாது.

மறுநாள் காலை ஐந்தரைக்குப் போன் அடித்தது.

"அண்ணா, எறங்கிட்டேன். அப்பா இருக்காரா?"

"எங்கே எறங்கினே?"

"நம்ம ஊர்லதான். இப்பல்லாம் நேரா வருதே, உனக்குத் தெரியாதா? பதினஞ்சரை மணி நேரம்தான்."

நான் ஓய்வுபெற்று எட்டு வருடம் ஆகிறது. என்னிடம் யாரும் சொல்லவில்லை.

"போனை அப்பா காதுல வைண்ணா."

வைத்தேன். "அப்பா, சின்னவன் வந்துட்டேன்ப்பா" என்றான்.

இரண்டு நாளாக என் குரலுக்குத் திறக்காத கண்கள் திறந்தன. என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தன.

விமான நிலையத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு ஐம்பது நிமிடம். அது மட்டும் மாறவில்லை.

போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்தேன். வலது கையால் அப்பாவுக்கு வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரின் வால்வை மூடினேன். அவசரப்படவில்லை. அப்பா என் இடது கையைப் பற்றினார். தொண்ணூற்றொரு வயதில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

தம்பி வந்துதான் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். அவன் உங்களிடம் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். நீங்கள் இதையும் எழுதிக்கொள்ளுங்கள்: கடைசியில் அப்பா பிடித்திருந்தது என் கையைத்தான்.