சுத்தியலுக்கு எதிரே சிட்டு

சிவராஜ்: ...அவன் அடிச்சது தப்பில்ல வேணி. நீ திருப்பி அடிக்காததுதான் தப்பு.

அம்சவேணி: மொதல்ல தண்ணி குடு மாமா.

சிவராஜ்: இந்தா, மெதுவா குடி. பொறை ஏறிச்சினா பொண்டாட்டிய பார்த்துக்கலன்னு என்னைத்தான் திட்டுவாங்க.

அம்சவேணி: அந்த கமல் இன்னா ஆட்டம் ஆடுறான் பாத்தியா! சுத்தியல் தூக்கினு கீற குண்டன வெச்சிக்கினு காத்துலயே திரும்புறான்...

சிவராஜ்: அவனை அப்பால மெச்சிக்கலாம். இப்ப...

ஜான்சன் (மைக்கில்): மண்டபத்துல கீற எல்லாருக்கும் வணக்கம்பா! நம்ம ஜான்சன் கேம்ஸ் கடை நடத்துற வீடியோ கேம் பைனல், மொத்தம் அஞ்சு ஆட்டம். மூணு முடிஞ்சிது. தாமல் கமல் ரெண்டு, பிள்ளையார்பாளையம் அம்சவேணி ஒண்ணு! ஜெயிக்கிறவங்க திங்கக்கெழமையே பெங்களூர் டீம்ல சேர்றாங்க, மூணு மாசம் அங்கயே தங்கி ஆடணும். இப்ப அஞ்சு நிமிஷம் பிரேக்!

அம்சவேணி: உடு மாமா. ரெண்டாவது பரிசும் பரிசுதான்.

சிவராஜ்: ஐய, பேச்சைப் பாரு! இன்னும் ஆட்டமே முடியல. நல்லா கேளு. அவன் சுத்தியல் தலைக்கு மேல இருந்து எறங்குது. நீ ஷீல்டு புடிச்சிட்ட. சரியா?

அம்சவேணி: சரி.

சிவராஜ்: இப்ப அதை அவன் திரும்பத் தூக்கணும். எம்மாம் நேரம் ஆவும்?

அம்சவேணி: அரை செகண்டு கூட ஆவாது.

சிவராஜ்: அந்த அரை செகண்டு உன்னுது. கையக் கால கட்டிப் போட்டாப்பல நிப்பான். நீ அடிச்சா வாங்கித்தான் ஆவணும்.

அம்சவேணி: ஷீல்டை எறக்கிட்டு அடிக்கிறதுக்குள்ள அவன் உஷாராயிடுவான்...

சிவராஜ்: ஏன் எறக்குற? கேம்ல உன் ஆளு சிட்டு எம்மாம் வேகம்! ஷீல்டுல இருந்தே எகிறு, எகிறச்சொல்லவே உதை.

அம்சவேணி: எல்லாத்துக்கும் எகிறக் கூடாது மாமா. சுத்தியல் நுனி மட்டும் ஷீல்டுல பட்டா அவன் தூரமா கீறான்னு அர்த்தம். நான் போய் சேர்றதுக்குள்ள அடுத்த அடிக்கு ரெடியாயிடுவான். அப்ப கம்முனு இருக்கணும். கிட்ட வந்து அடிச்சாத்தான் உதைக்கணும்.

சிவராஜ்: தோளால இடிச்சிக்கினு ஓடி வர்றானே, அதுக்கு?

அம்சவேணி: அது என்னைத் தாண்டி முதுகுப் பக்கம் போய் நிக்கும். திரும்பாமயே பின்னால ஒரு உதை.

சிவராஜ்: பாரு! வாத்தியார் கணக்கா சொல்ற. அரையிறுதியில இவன்கிட்ட நான் மூணே நிமிஷத்துல மண்ணைக் கவ்வுனேன். நீ அவன் ஆட்டத்தையே பிரிச்சி வெச்சிக்கினு கீற. மெய்யாலுமே சொல்றேன் வேணி, உன்ன மாதிரி ஆடுற ஆளை நான் பாத்ததே இல்ல.

அம்சவேணி: போதும் போதும், ஐஸ் வெக்காத.

சிவராஜ்: ஐஸ் இல்ல. பெருமையா கீது எனக்கு. ஆனா எல்லாம் தெரிஞ்சும் ஒவ்வொரு தபாவும் ஒரு மூச்சு லேட்டாவுது, ஏன்? ... இரு, இரு. பக்கத்துல உக்காந்து நான் கால் ஆட்டிக்கினா இருந்தேன்?

அம்சவேணி: அது எப்பவும் ஆட்டுவியே.

சிவராஜ்: அதான் விஷயம்! தறியில நான் கால்மிதி மாத்துற சத்தம் கேட்டப்புறம்தான நீ அந்தப் பக்கத்துல இருந்து புடவைக் கரைக்கு நூல் நாடா வுடுவ? ஏழு வருஷமா என் காலுக்குப் பழகுன கை. இங்கயும் என் காலுக்கு காத்துக்கினு கீது!

அம்சவேணி: ...இருக்கும்.

சிவராஜ்: நான் அந்தத் தூண்கிட்ட போய் நின்னுக்கறேன்.

அம்சவேணி: வேணாம் மாமா. நீ இங்கயே...

சிவராஜ்: செருப்பைக் கூட கழட்டிடறேன். நீ ஆடு!

ஜான்சன் (மைக்கில்): நாலாவது ஆட்டம்! ஆளுக்கு மூணு உசுரு. மேடையை விட்டு கீழ விழுந்தா ஒண்ணு போச்சி! கமல் சுத்தியலைத் தூக்கறாரு... அம்சவேணி ஷீல்டு... சும்மாவே நிக்கிறாங்க... மறுபடியும் சுத்தியல்... ஐயோ, வாங்கிட்டாங்க! அம்சவேணிக்கு ரெண்டு உசுருதான். அடுத்த அடி! இதுவும் போச்சி! ஒரே உசுரும்மா, பார்த்து! கமலைப் பாருங்கப்பா, காத்துலயே குட்டிக்கரணம் போட்டு எறங்கி வர்றாரு, இன்னா அழகு... ஷீல்டு... உதை! எகிறி உதைச்சிட்டாங்கப்பா! கமல் ஒரு உசுரு அவுட்! தோளால இடிக்கிறாரு, தாண்டிப் போறாரு... திரும்பாமயே பின்னால உதை! ரெண்டாவது! ஆளுக்கு ஒண்ணு! சுத்தியல் நுனி பட்டுது... அசையல பாருங்க, அசையவே இல்ல... கிட்ட வந்துட்டாரு, அடிச்சிட்டாரு... உதை! முடிஞ்சிது! ரெண்டுக்கு ரெண்டு! கமலே எழுந்து நின்னு கை தட்டுறாருப்பா!

சிவராஜ்: வேணீ! இன்னா உதை! இன்னா உதை! சொன்னேன்ல, என் கால்தான்... ஏய், இன்னா? அழுவுறியா? ஜெயிச்சிட்டு யாராவது அழுவாங்களா?

அம்சவேணி: கை கேக்கல மாமா.

சிவராஜ்: இன்னாது?

அம்சவேணி: உன் காலுக்கு ஒண்ணும் நான் காத்துக்கினு இல்ல. ரெண்டாவது ஆட்டத்துல இருந்து நானாதான் அடிக்காம வுட்டுக்கினு இருந்தேன்.

சிவராஜ்: வேணும்னேவா?

அம்சவேணி: முறைக்காத. ஜெயிச்சா மூணு மாசம் பெங்களூர். பங்குனி உத்திரத்துக்குள்ள அந்தக் கல்யாணப் புடவை தறியில இருந்து எறங்கணும். உடம்பு ஒரு கலரு, கரை ஒரு கலரு. ரெண்டு பேர் உக்காந்தாத்தான் நெய்ய முடியும். என் பக்கத்துல யாரு உக்காருவா? நீ ஒத்தை ஆளா இன்னா பண்ணுவ?

சிவராஜ்: அப்ப இப்ப ஆடுனது?

அம்சவேணி: தோத்துடலாம்னுதான் உக்காந்தேன். ரெண்டு உசுரை வுட்டும் குடுத்துட்டேன். அப்பால அவன் காத்துல அப்டி சோக்கா திரும்பி வந்தான் பாரு... அவ்ளோ நல்லா ஆடுறவன் எதிர்ல பொய்யா ஆட மனசு வரல. கை தானா உதைச்சிடிச்சி.

ஜான்சன் (மைக்கில்): கடைசி ஆட்டம்! கமல் ரெடி. அம்சவேணி, வாம்மா!

அம்சவேணி: சீக்கிரம் சொல்லு மாமா. நீ வேணான்னா தோத்துட்டு வந்துடறேன். எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல.

சிவராஜ்: பொய்.

அம்சவேணி: ...பொய்தான். போவணும்னு ஆசையா கீது. ரொம்ப ஆசையா கீது.

சிவராஜ்: பத்து நாளா மதியானத்துல உன்ன பிராக்டீஸுக்குப் போ, போன்னு ஜான்சன் கடைக்குத் துரத்துனேனே, எதுக்கு? நீ தெருவைத் தாண்டுனதும் எதிர்வூட்டு பொன்னி வந்து உன் பலகையில உக்காந்துடுவா. தெனம் நாலு விரக்கடை நெய்ஞ்சி தறியில சுருட்டிடுவோம், கரை மொத்தம் அவ நாடா வுட்டது. காலையில வந்து அதுக்கு மேலயே நெய்ஞ்ச, உனக்கே வித்தியாசம் தெரியலயே வேணி... போ, போய் உதை!