மஞ்சள் கட்டம்

வண்டி கழுவுவது ஒரு வித்தையே இல்லை இன்ஸ்பெக்டர் மேடம். தண்ணீரும் சோப்பும் ஒரு பம்பும் இருந்தால் யார் வேண்டுமானாலும் கழுவலாம். கழுவ வந்த வண்டி தன் முறை வரும்வரை எங்கே நிற்பது என்று திட்டம் போடுகிறானே, அவன்தான் தொழில்காரன். திண்டுக்கல்லில் வாட்டர் சர்வீஸ் வைத்திருக்கிற ஒருவருக்கும் அது தெரியாது. ரோட்டில் நிறுத்துவார்கள், அடுத்த கடை வாசலில் நிறுத்துவார்கள், யாராவது வந்து கத்தினால் பல்லைக் காட்டுவார்கள். சின்னாளப்பட்டி போகிற வழியில் ‘பொம்மையன் வாட்டர் சர்வீஸ்’ போர்டைத் தாண்டித்தான் நீங்களும் தினமும் போகிறீர்கள். ரோட்டில் ஒரு வண்டியாவது நின்று பார்த்திருக்கிறீர்களா என்று உங்கள் டிரைவரைக் கேளுங்கள்.

நல்லுசாமி அண்ணன் செத்ததைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். அதற்குத்தான் வருகிறேன். என் வரிசை புரியாமல் அந்தச் சாவு உங்களுக்குப் புரியாது.

நீங்கள் திருவள்ளூர்ப் பக்கம். எங்கள் ஆட்களுக்கு வரிசை என்றால் என்னவென்று தெரிய வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு பிரியாணிக் கடைக்குப் போங்கள். சாப்பிடுகிறவனின் நாற்காலிக்குப் பின்னால் ஒருவன் நிற்பான். இலையில் இன்னும் எவ்வளவு சோறு மிச்சம் என்று பார்த்துக்கொண்டே நிற்பான். சாப்பிடுகிறவன் இன்னொரு கை தயிர் வெங்காயம் கேட்டால் இவன் முகம் கறுத்துப் போகும். அதுதான் இவர்கள் அறிந்த வரிசை. இந்தக் கூட்டம்தான் கார் வாங்குகிறது. சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழத்தை வைத்து நசுக்கிய நாளிலிருந்து, தனக்கு முன்னால் இன்னொரு வண்டி நிற்பதையே அவமானமாக நினைக்கிறது. கல்லூரியில் பாடம் நடத்துகிற மனிதர் ஒருவர், அவசர வேலை என்று சொல்லிக் குறுக்கே மூக்கை நுழைப்பார். கட்சிக்கொடி கட்டியவன் இறங்கவே மாட்டான், அவனுக்காக ஹாரன் பேசும்.

அதனால் மனிதர்களை நம்புவதை விட்டுவிட்டு இரும்பை நம்பினேன். வரிசைக்கு இரண்டு பக்கமும் இடுப்பளவுக்குக் குழாய் நட்டு வேலி போட்டேன். உள்ளே நுழைந்தவன் கழுவிக்கொண்டுதான் வெளியேற முடியும். முந்த முடியாது, பின்னால் அடுத்தவன் ஒட்டி நிற்பதால் திரும்பவும் முடியாது. முதல் நாள் எல்லோரும் முனகினார்கள். அப்புறம் ஆடு மாதிரி நின்றார்கள்.

இடத்தில் ஒரே ஒரு குறை இருந்தது. என் மனை ரோட்டை ஒட்டி நீளமாகக் கிடக்கிறது, ஆனால் ஆழம் இல்லை. பின்பக்கம் நல்லுசாமி அண்ணனின் சம்பங்கித் தோட்டம். அதில் ஓரமாக ஒரு துண்டு கிடைத்தால் போதும், வரிசை கடைசியில் வளைந்து திரும்பி வரும், இன்னொரு மடங்கு வண்டி நிற்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. அவர் வீடு தோட்டத்துக்குள் இருக்கிறது. வண்டி வெளியே வர வேண்டுமானால் என் மனைக்குக் குறுக்கேதான் வர வேண்டும். எனக்கு இடத்தை விற்றவர் பாதை விடுவதாக அவருக்கு வாய்வார்த்தை கொடுத்திருந்தார். நானும் மதித்தேன். அந்தப் பாதை வரிசையைக் கடக்கிற இடத்தில் மட்டும் இரண்டு பக்கமும் வேலியைத் திறந்து விட்டு, தரையில் மஞ்சள் பெயின்டால் ஒரு கட்டம் போட்டேன். கட்டத்துக்குள் எந்த வண்டியும் நிற்கக் கூடாது என்று போர்டும் வைத்தேன். அண்ணன் குளிர்ந்து போய் ஒரு பை சம்பங்கி கொண்டுவந்து கொடுத்தார்.

அந்தத் துண்டு நிலத்தைப் பல தடவை கேட்டேன். நியாயமான விலைதான் சொன்னேன். அவர் ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டே ஒரே பதிலைச் சொன்னார்.

“பூ வெச்ச மண்ணு அப்பு. அதுல சோப்புத் தண்ணிய ஓட விட்டா செடி என்னைய வையும்.”

செடி வையுமாம். ஒரு தொழில் வளர்வதைச் செடி வையும் என்று தடுக்கிற ஆள். எனக்குக் கோபம் வரவில்லை. இப்படிப்பட்டவர்களிடம் கோபப்படுவது வீண் என்று வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்தே கற்றிருந்தேன்.

ஆடி மாதம் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தார். நானும் ஹார்லிக்ஸும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அவர் சம்சாரம் ஒச்சம்மாள் மதினி எல்லாவற்றையும் என்னிடம் சொன்னார். ரத்தக் குழாயில் அடைப்பாம். தீபாவளிப் பூ முடிந்த பிறகுதான் அடைப்பை எடுக்க வருவேன் என்று அண்ணன் பிடிவாதமாம். மறுபடி வலி வந்தால் ஒரு நிமிஷம்கூட வீட்டில் வைத்திருக்கக் கூடாது, எவ்வளவு சீக்கிரம் வருகிறீர்களோ அவ்வளவு நல்லது என்று டாக்டர் சொல்லி அனுப்பினாராம். மதினி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு நடந்து வந்தேன். மஞ்சள் கட்டத்தில் சற்று நின்றேன். ஒரு வண்டி நிற்க வேண்டிய இடம் வெறுமனே கிடந்தது.

மறுநாளிலிருந்து அந்தக் கட்டத்தில் ஒரு வண்டியை நிறுத்தி வைத்தேன்.

எப்போது வலி வரும் என்று டாக்டருக்கே தெரியாது, எனக்கு எப்படித் தெரியும். அதனால்தான் தினமும் நிறுத்தினேன். அவர்களுடைய ஆம்னி வேன் பாதையில் வந்து நின்று ஹாரன் அடிக்கும். “செத்த நேரம் பொறு”ன்னு நான் சொல்வேன். பிறகு வண்டியை நகர்த்தி வழி விடுவேன். ஒரு நாளும் வழி மறுத்தது கிடையாது, இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

இந்தச் ‘செத்த நேரம்’ உங்களைப் படுத்திய பாட்டை ஏட்டையா சொன்னார். மதினி கொடுத்த வாக்குமூலத்தில் அதைப் பார்த்துவிட்டு, செத்த நேரம் இவனுக்கு முன்கூட்டியே எப்படித் தெரியும் என்று கேட்டீர்களாமே. எங்கள் பக்கத்தில் செத்த நேரம் என்றால் கொஞ்ச நேரம், அவ்வளவுதான். காப்பி ஆறுகிற நேரம். ஒரு ஊருக்கு மாற்றலாகி வருகிறவர்கள் அந்த ஊர்ப் பேச்சைக் கற்றுக்கொண்டு வரலாம்.

அந்தச் செத்த நேரத்தை நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினேன். ஆரம்பத்தில் அவர் மகன் பழனிக்குமார் குதித்தான். போர்டு வைத்திருக்கிறீர்களே, நீங்களே மீறினால் எப்படி என்று சத்தம் போட்டான். பிறகு சத்தம் குறைந்தது. ஒரு நாள் பூ மூட்டைகளோடு நின்று நின்று, பூ மார்க்கெட்டில் ஏலம் முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தார்கள். வந்த பூவை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்த மதினி, “ஒங்க வேலைய நாங்க கெடுக்குறோம் தம்பி”ன்னு என்னிடம் வருத்தப்பட்டார். அப்புறம் ஒரு நாள் பழனிக்குமார் ஹாரன் அடிக்கவில்லை. இன்ஜினை அணைத்தான், கைப்பேசியை எடுத்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். என் வேலை முடிந்தது என்று அன்றே தெரிந்துகொண்டேன்.

என்னிடம் வேலை பார்க்கும் சடையாண்டி மட்டும், கட்டத்தில் ஏன் மொதலாளி வண்டியை விடுகிறீர்கள் என்று கேட்டான். உன் வேலையைப் பார் என்றேன். பார்த்தான்.

ஆயுத பூசைக்கு முதல் நாளை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வருஷம் முழுக்கக் கோழி எச்சத்தோடு வண்டி ஓட்டுகிறவனுக்கும் அன்றைக்குத்தான் சுத்தம் ஞாபகம் வரும். சந்தனம் வைக்க வேண்டும், வாழைக்கன்று கட்ட வேண்டும், அதற்கு முன்னால் கழுவ வேண்டும். வரிசை நிரம்பி நின்றது. அன்றைக்கு வரிசையில் நிற்காமல் நேராக முன்னால் வந்து கழுவிக்கொண்டு போன ஒரே வண்டி உங்கள் ஸ்டேஷன் ஜீப்தான். அதை நான் குறையாகச் சொல்லவில்லை.

மஞ்சள் கட்டத்தில் நின்றது சின்னாளப்பட்டிச் சுங்குடிச் சேலை வியாபாரி ஒருவரின் கார். காலையிலேயே சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு டவுன் பஸ் ஏறிப் போய்விட்டார். கட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தியது நான். சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

உச்சி வெயிலில் ஆம்னி வந்து நின்றது. ஹாரன் இல்லை. பழனிக்குமார் இறங்கி ஓடி வந்தான்.

“சித்தப்பா, அப்பாவுக்கு நெஞ்ச அடைக்குது. வண்டிய எடுங்க சித்தப்பா.”

நான் எட்டிப் பார்த்தேன். பின்னால் பூ மூட்டை வைக்கிற இடத்தில் அண்ணன் மதினியின் மடியில் தலை வைத்துக் கிடந்தார். சட்டை நனைந்திருந்தது. இது யார் வண்டி என்று தெரியவில்லையே என்றேன். வரிசை முழுக்க நடந்து ஒவ்வொருவரிடமும் கேட்டேன். எல்லோரும் ஒருவரையொருவர் கேட்டார்கள். கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார்கள், கதவை இழுத்துப் பார்த்தார்கள், வண்டியை இப்படி விட்டுவிட்டுப் போனவன் மனிதனா என்று திட்டினார்கள். நானும் திட்டினேன்.

தூக்கிக்கொண்டு போய் வேறு வண்டியில் ஏற்றலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கேயும் அந்தப் பேச்சு வந்தது. வரிசையில் நின்ற எல்லா வண்டிக்கும் முன்னும் பின்னும் அடைப்பு. கடைசியில் நின்ற இரண்டொரு பேர் நினைத்திருந்தால் ரிவர்ஸ் எடுத்திருக்கலாம். எடுத்தால் இடம் போய்விடும். அவர்கள் முகத்தைப் பார்த்தேன். ஒருவர் டயரைப் பார்த்தார், இன்னொருவருக்கு அப்போதுதான் போன் வந்தது. இவர்களைப் பற்றி நான் போட்டிருந்த கணக்கு கொஞ்சமும் பிசகவில்லை.

ஒரே ஒரு இடத்தில்தான் பிசகியது. முதல் ஆளாகக் கழுவும் மேடையில் நின்ற கார் அமலராணி டீச்சருடையது, சாணார்பட்டியில் வேலை பார்க்கிறவர். வண்டி முழுக்க நுரை. அந்த அம்மா ஓடி வந்து, “நொரையோட போனா என்ன, எம் வண்டியில தூக்கிப் போடுங்க”ன்னு சொன்னார். தன் முறையை விட்டுக்கொடுக்கிற ஒரு ஆளை என் தொழிலில் அன்றுதான் பார்த்தேன். அது எனக்குப் பிடிக்கவில்லை.

கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்தேன். நூற்றியெட்டுக்குச் சொல்லிவிட்டேன், கிளம்பிவிட்டார்களாம், ஆக்சிஜனோடு வருகிறார்கள், இந்த நிலையில் ஆளைப் புரட்டித் தூக்கினால் வழியிலேயே போய்விடும் என்று நிதானமாகச் சொன்னேன். எவ்வளவு நியாயமான பேச்சு பாருங்கள். வரிசையில் நின்ற ஒரு கல்லூரிப் பேராசிரியர் ஆமாம், ஆம்புலன்ஸ்தான் பாதுகாப்பு என்றார். மற்றவர்கள் வேகமாகத் தலையாட்டினார்கள், நல்லவர்களாக இருந்துகொண்டே நின்ற இடத்தில் நிற்க அவர்களுக்கு ஒரு வழி கிடைத்துவிட்டது. டீச்சரும் அரைமனதாக நின்றுவிட்டார்.

மதினி மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “வந்துருமா தம்பி?”

“செத்த நேரம் மதினி.”

அவர் குனிந்து அண்ணன் காதில், “செத்த நேரம்தானாம், பொறுத்துக்கங்க”ன்னு சொன்னார். அண்ணன் கண்ணை மூடித் திறந்தார். சரி என்கிற மாதிரிதான் இருந்தது.

பொறுத்துக்கொண்டார்கள். பழனிக்குமார் ரோட்டுக்குப் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். பொறுமை இழந்த டீச்சர் தன் போனில் நூற்றியெட்டைக் கூப்பிட்டார். அவர்கள் சீக்கிரமே வந்துவிட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. வந்தவர்கள் அண்ணனின் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இந்த இடத்திலிருந்து வந்த முதல் அழைப்பே இப்போதுதான் என்று டீச்சரிடம் சொல்லியிருக்கிறார்கள். அண்ணன் உடலை வீட்டில் கிடத்தினால் உறவுக்காரர்களின் வண்டிகள் தோட்டத்துக்குள் வர வேண்டும், அதற்குக் கட்டம் காலியாக வேண்டும். அப்போது சாவியை எடுத்தேன். பையிலிருந்து எடுத்ததைச் சடையாண்டி பார்த்தான். அவன்தான் உங்களிடம் வந்து சொன்னது என்பதும் எனக்குத் தெரியும்.

ஆம்னி திரும்பித் தோட்டத்துக்குள் போன பிறகு, வரிசையில் நின்ற ஒருவர் என்னிடம் வந்து இன்னும் எம்புட்டு நேரம் ஆகும் என்று கேட்டார். இவர்களையெல்லாம் விட்டுவிட்டு என்னை மட்டும் அரக்கன் என்கிறீர்கள்.

எழுதிக்கொள்ளுங்கள். கட்டத்தை வேண்டுமென்றேதான் அடைத்தேன். சாவி என்னிடம்தான் இருந்தது. நூற்றியெட்டுக்கு நான் பேசவே இல்லை, காதில் வைத்திருந்த போனில் யாரும் இல்லை. அவர் செத்தால் மகன் நிலத்தை விற்பான் என்று தெரியும். பழனிக்குமார் பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்னாலேயே விலை பேச வந்தான், நீங்கள்தான் நடுவில் புகுந்து கெடுத்துவிட்டீர்கள். எல்லாவற்றுக்கும் கையெழுத்துப் போடுகிறேன். கொன்றேன் என்று மட்டும் எழுதாதீர்கள். நான் யாரையும் தொடக்கூட இல்லை. காத்திருக்க வைத்தேன். என்னிடம் வருகிற எல்லோரும் காத்திருக்கத்தான் செய்கிறார்கள்.

ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் ஸ்டேஷன் வாசலில் வரிசை சரியில்லை. ஒரே பெஞ்சு, அதில் வந்தவன் போனவன் எல்லாம் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஓரத்தில் காலையிலிருந்து மதினி உட்கார்ந்திருக்கிறார், உள்ளே வரும்போது பார்த்தேன். அதே பெஞ்சில் ஏதோ ஹோட்டல் சண்டைக்காக வந்து உட்கார்ந்திருப்பவர்கள் அவருக்கு முன்னால் வந்தவர்கள், முதலில் அவர்களைக் கூப்பிடுங்கள், அதுதான் முறை. மதினியைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். செத்த நேரம் என்று சொன்னால் போதும், இருப்பார். நான்தான் பழக்கினேன்.