ஆறு இலக்கங்களின் காவலர் மச்சாடோ சேருக்கு

கொட்டாஞ்சேனை புனித வெரோனிக்கா மகளிர் கல்லூரியில் முப்பத்தோராண்டுகள் கணிதம் கற்பித்து, கணினிக்கூடத்தைக் கட்டிக்காத்து, இன்று அறுபது அகவை நிறைந்து ஓய்வுபெறும் திருவாளர் பெனடிக்ற் மச்சாடோ அவர்களுக்கு, அவரோடு பணிபுரிந்து, பல தடவை பல்லைக் கடித்துக்கொண்டு, இருந்தும் அவரை எவரிடமும் விட்டுக்கொடுக்காத ஆசிரியர் குழாம் வாசித்தளிக்கும் மடல்.

கூட்டலிற் குறைவைக்காதவரே, கழித்தலிற் கலங்காதவரே, கேத்திரகணிதம் என்றாலே கண்ணீர்விடும் பிள்ளைகளுக்கும் வட்டத்தை வசப்படுத்திக் கொடுத்த வல்லவரே, முப்பத்தோராண்டுகள் எமது மாணவியர்க்கு எண்களை அள்ளி வழங்கி, அவற்றுள் கடைசி ஆறாண்டுகள் அதே எண்களுக்காக எங்களைக் கையேந்திக் காத்துக்கிடக்க வைத்த கணக்கின் கோமகனே, வணக்கம்!

இம்மடலை எழுதும் பொறுப்புத் தமிழாசிரியை யோகேஸ்வரியாகிய என் தலையில் விழுந்தது. முதற்படியை வாசித்துப் பார்த்த உப அதிபர், “டீச்சர், இது பாராட்டு மடலா, முறைப்பாட்டுக் கடிதமா? கொஞ்சம் புகழ்ந்தும் எழுதுங்களேன்” என்றார். ஆகவே புகழை முதலில் எழுதி முடித்துவிடுகிறேன்.

மாரி பெய்து ஜிந்துப்பிட்டி ஒழுங்கைகளில் முழங்காலளவு வெள்ளம் நின்ற கிழமையில், பாடசாலைக்கு வரமுடியாத பன்னிரண்டு பிள்ளைகளின் வீடுகளுக்குச் செயலட்டைகளைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தபடி நடந்து சென்றவர் தாங்கள். பெருந்தொற்றால் பாடசாலைகள் மூடிக் கிடந்தபோது, ஐம்பத்துநான்கு வயதில், எவரும் சொல்லித்தராமலே இணையவழிக் கற்பித்தலைக் கற்று, எங்களுக்கும் கற்பித்தவர் தாங்கள். விஞ்ஞான ஆசிரியை நளீபாவின் முகம் மூன்று கிழமை திரையில் தலைகீழாகத் தெரிந்தபோது, மூன்று கிழமையும் முகஞ்சுளிக்காமல் தொலைபேசியில் வழிகாட்டியவர் தாங்கள். முந்நூற்று நாற்பது பாடங்களைப் பதிவுசெய்து வைத்திருக்கிறீர்கள். அவற்றைப் பார்த்தே கரையேறிய பிள்ளைகள் ஏராளம். இத்துடன் புகழ் முடிந்தது.

அதே பெருந்தொற்றுக் காலத்தில்தான் இந்தத் தலையிடியும் தொடங்கியது. கல்லூரியின் இணையக் கணக்கைத் திறக்கும்போது திரை ஒரு தொலைபேசி இலக்கத்தைக் கேட்டது. அருகில் வேறொருவரும் இல்லாமையால் தாங்கள் தங்கள் சொந்த இலக்கத்தையே கொடுத்தீர்கள். பின்னர் பழைய மாணவியர் சங்கம் ஆறு ஸ்மார்ட் போர்டுகளை அன்பளிப்புச் செய்தது. அவையும் அதே கணக்கில் ஏறின. அன்றுதொட்டு, எந்த ஆசிரியர் எந்த வகுப்பில் எந்தப் போர்டைத் திறந்தாலும், ஆறு இலக்கங்கள் கொண்ட ஓடிபி தங்கள் சட்டைப்பைக்குள் வந்து விழுகிறது. அதைத் தாங்கள் வாய்திறந்து சொன்னாற்றான் வகுப்பு நடக்கும். வெள்ளவத்தையிலிருந்து தாங்கள் வரும் பஸ் பம்பலப்பிட்டி நெரிசலில் நின்று, ஹோர்ன் சத்தத்தில் எங்கள் அழைப்புத் தங்களுக்குக் கேளாவிட்டால், கொட்டாஞ்சேனையில் ஆறு வகுப்புகள் அப்படியே நிற்கும். கரண்ட் போய் வந்தால் மறுபடியும் முதலிலிருந்து.

கல்லூரி மண்டபத்தில் நடந்த மாத முதல் வெள்ளித் திருப்பலி ஒன்றை எங்களில் எவரும் மறந்திருக்கமாட்டோம். கத்தோலிக்கரல்லாத பிள்ளைகளோடு வகுப்பிலிருந்த நளீபா டீச்சர், போர்ட் திறக்காமல், மண்டபத்து ஜன்னலோரம் வந்து நின்றார். முழந்தாளிட்டிருந்த தாங்கள், வாய்திறக்க வழியின்றி, இலக்கங்களை விரல்களாற் காட்டினீர்கள். ஒன்பதுக்கு இரண்டு கைகளும் உயர்ந்தன. பின்வரிசையிலிருந்த தரம் மூன்றுப் பிள்ளைகள், அதுவும் வழிபாட்டின் ஒரு பகுதியென நம்பி, பக்தியோடு ஒன்பது விரல் உயர்த்தினார்கள். பூசை முடிந்ததும் பங்குத்தந்தை எமது அதிபர் அருட்சகோதரியைத் தனியே அழைத்து விளக்கம் கேட்டார்.

ஹேர்னியாச் சத்திரசிகிச்சைக்குப் போனபோது தங்கள் கைத்தொலைபேசியைத் தாதியிடம் ஒப்படைத்துவிட்டுப் போனீர்கள். அவர் அழைப்பெடுத்துச் சிங்களத்தில் இலக்கங்களைச் சொல்ல, வரலாற்று ஆசிரியர் ரிம்ஸான் அதைத் தமிழாக்கி வகுப்பு வகுப்பாக ஓடி அறிவித்தார். மயக்கம் தெளிந்ததும் தாங்கள் கேட்ட முதற்கேள்வி, “டென் பீ கிளாஸ் போர்ட் திறந்ததா?” என்பதாம். அதற்காகத் தங்களைக் கைகூப்பி வணங்குவதா, எங்கள் தலையில் அடித்துக்கொள்வதா என்று இன்றுவரை எங்களுக்கு விளங்கவில்லை.

இவற்றையெல்லாம் சிரித்துக் கடந்துவிடலாம். தாரிகாவின் விடயத்தில் எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. தரம் பதினொன்றில் படிக்கும் அந்தப் பிள்ளை, முதுகெலும்புச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஐந்து மாதங்களாக ஜிந்துப்பிட்டி வீட்டில் படுத்தபடியே, வகுப்புப் போர்டின் கமரா வழியாகப் பாடம் கேட்கிறாள். சாதாரண தரப் பரீட்சைக்கு இன்னும் ஒன்பது கிழமைதான் இருக்கிறது. தாங்களோ வரும் வியாழக்கிழமை மகளிடம் மெல்பேர்னுக்குப் புறப்படுகிறீர்கள். கேட்டால், “ரோமிங் போடுறன், பயப்படாதீங்க” என்கிறீர்கள். ஜூலையில் மடுத் திருவிழாவுக்குப் போனபோதே காட்டுக்குள் சிக்னல் இல்லாமல் இரண்டு நாள் எங்களுக்கு ஓடிபி வரவில்லை. இரண்டாம் நாள் தாரிகா எனக்கு ஒரு குரற்பதிவு அனுப்பினாள். “மிஸ், இன்னைக்கும் என்னைய கிளாசுக்கு எடுக்கலையா?” என்று மட்டும் கேட்டிருந்தாள். தங்கள் அழைப்பு வருமா என்று நான் பாடவேளை முழுவதும் கைத்தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இலக்கத்தை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. ஆனால் மாற்றுவதற்கும் ஒரு ஓடிபி தங்களிடமே வரவேண்டும். கணினி ஆசிரியர் ஜீவராஜ் இதற்காக மூன்று தடவை தங்களோடு உட்கார்ந்தார். முதல் தடவை போனில் சார்ஜ் இல்லை என்றீர்கள். இரண்டாம் தடவை, “நான் இருக்கிறன் தானே தம்பி, ஏன் அவசரப்படுறீங்க?” என்றீர்கள். மூன்றாம் தடவை, இலக்கத்தை மாற்றக் கேட்டது நீங்கள்தானா என்று திரை வினவியபோது, நன்றாகப் பார்த்து, ‘இல்லை’ என்பதை அழுத்தினீர்கள். கல்லூரி முழுவதும் இருபத்துநான்கு மணிநேரம் தன் கணக்குக்கு வெளியே நின்றது. ஜீவராஜ் அன்று ஆசிரியர் அறையில் சொன்னதைச் சட்டம் போட்டு மாட்டப்போகும் மடலில் எழுத முடியாது.

மறுநாள் நான் கோபத்தை விழுங்கிக்கொண்டு, ஏன் சேர் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். தாங்கள் தேநீரைக் கலக்கியபடியே, “மாத்திப்போட்டா பிறகு என்னைத் தேடி யார் வரப் போறீங்க, டீச்சர்?” என்றீர்கள்.

ஆறாண்டு எரிச்சல் எல்லாவற்றையும்விட அந்த ஒரு கேள்விதான் எனக்கு அதிக எரிச்சலூட்டியது. முப்பத்தோராண்டுகள் ஒரே அறையில் இருந்து ஒரே பிளாஸ்கில் தேநீர் குடித்த மனிதரை ஆறு இலக்கத்துக்காகத்தான் தேடுவோமா என்று சுடச்சுடக் கேட்க வாய் எடுத்தேன். ஆனால் உண்மை தங்கள் பக்கம் இருந்தது. ஆறாண்டுகளாக இக்கல்லூரியில் எவரும் தங்களுக்குக் காலை வணக்கம் சொன்னதில்லை. “சேர், கோட் வந்ததா?” என்றுதான் கேட்டிருக்கிறோம். தங்கள் துணைவியார் மறைந்த முப்பத்தோராம் நாட் பூசைக்கு வந்தவர்கள் கோயில் வாசலில் தங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, நடன ஆசிரியை சாமினி அந்தக் கையை விடாமலே அன்றைய இலக்கத்தையும் கேட்டார். தாங்களும் சொன்னீர்கள். சாமினி இப்போது மேடைக்கு இடப்பக்கம் அழுதுகொண்டிருப்பார், தயவுசெய்து அவரைப் பார்க்காதீர்கள். அவரைக் குற்றஞ்சொல்ல எங்களில் எவருக்கும் யோக்கியதை இல்லை. அன்று அந்த இலக்கத்தை எழுதிக்கொண்டு வகுப்புக்கு ஓடியவள் நான்தான். வெட்கப்படுகிறேன், சேர். நாங்கள் எல்லோரும் வெட்கப்படுகிறோம்.

எல்லாம் வல்ல இறைவன் தங்களுக்கு நிறைந்த ஆயுளும், நோயற்ற உடலும், மெல்பேர்ன் குளிரைத் தாங்கும் முழங்கால்களும், பேரப்பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பொறுமையும் அருள்வாராக. எங்களிடம் காட்டிய பிடிவாதத்தில் பாதியையாவது விமான நிலையத்தில் விட்டுவிட்டுப் போகும் மனத்தையும் அருள்வாராக.

பொன்னாடை போர்த்துமுன் ஒரு வேலை இருக்கிறது. ஜீவராஜ் மடிக்கணினியோடு தங்கள் அருகில் வந்து நிற்கிறார். தாரிகா பின்னாலுள்ள பெருந்திரையில் இருக்கிறாள், இம்மடலைத் தொடக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். இன்னும் சிறிது நேரத்தில் தங்கள் சட்டைப்பை அதிரும். கேட்டது நீங்கள்தானா என்று வினவினால், ‘ஆம்’ என்பதை அழுத்துங்கள். பிறகு அந்த ஆறு இலக்கங்களையும் ஒலிவாங்கியில் நிதானமாக வாசியுங்கள்.

நாளை காலை ஏழு நாற்பதுக்கு, இலக்கம் கேட்கும் வழமையான நேரத்தில், தங்களைத் தொலைபேசியில் அழைப்போம். அப்போது தங்களிடமிருந்து எங்களுக்கு ஒன்றும் தேவைப்படாது. புறப்படுமுன் ஒரு தடவையாவது தங்களை அப்படி அழைத்துக் கதைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறோம்.

இங்ஙனம்,
தங்களால் நொந்தும் தங்களை நேசித்தும் நிற்கும்
ஆசிரியர் குழாம்,
புனித வெரோனிக்கா மகளிர் கல்லூரி,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13.