கண்ணாடிக் கூண்டுக்குள் பெய்த மழை

இந்த அவைக்குத் தலைமை தாங்கி, கண்ணாலேயே எனக்கு நேரத்தை நினைவூட்டிக்கொண்டிருக்கும் அக்கா அவர்களே! ஒருவர் வாய் மூடும் முன்பே அவர் பேச்சை வேறு மொழியில் சொல்லும் வித்தைக்கு வழி வகுத்த பெரியோர்களே! பெட்டியைப் பிரிக்காமலே அடுத்த ஊருக்குக் கிளம்பும் பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்களே! விமானத்திலிருந்து நேராக வந்து, கண் திறந்தபடியே உறங்கும் தோழர்களே! கனிந்த வணக்கம். கைதட்டாதீர்கள், கடைசி வரிசை அண்ணன் விழித்துக்கொள்வார்.

மாநாட்டு அரங்கில் நாம் இருவர் மாறி மாறிப் பேசும் மொழிபெயர்ப்பாளர் கண்ணாடிக் கூண்டுக்கு இனி ஒருவரே போதும் என்கிறார்கள் மாநாடு நடத்துகிறவர்கள். போதுமா? விடுதி அறையில் விழித்து, வீட்டுச் சுவரின் சுவிட்சைத் தேடித் தடவிய கைகளே, போதுமா? எந்த ஊர், என்ன கிழமை என்று தெரியாமல் பல் துலக்கிய வாய்களே, போதுமா?

துறைமுகங்களைப் பற்றிய ஒரு மாநாடு. உண்ட மயக்கம் ஊரையே ஆளும் பிற்பகல். கூண்டுக்குள் நானும் அக்காவும். ஆம், இதே அக்காதான்! சொல்லட்டுமா? தலையாட்டிவிட்டார், சொல்கிறேன். ஊர் ஊராய் அலைந்த பயணத்தின் கடைசி நாள். மைக் அக்காவிடம். மேடையில் ஒருவர் கப்பல், கரை, சுங்கம், சரக்கு என்று தாலாட்டுகிறார். அக்காவின் குரலும் கூடவே மிதக்கிறது. மிதந்து, மிதந்து, மெல்லத் திசை மாறுகிறது.

மேடையில் இருப்பவர் "நான்" என்றால் நாமும் "நான்" என்போம். அதுதானே நம் தொழில்? அன்று அக்காவின் கண் சொருக, அந்த "நான்" வீட்டுக்குப் போய்விட்டது.

"நான் ரொம்பக் களைச்சுப் போயிட்டேன். மழை வர்ற மாதிரி இருக்கு. ஜன்னலைச் சாத்தாதே கண்ணு, சத்தம் கேட்கட்டும். அம்மா கொஞ்சம் படுத்துக்கறேன்."

ஹெட்போன் போட்டிருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். சிரித்தார்களா? இல்லை! சீறினார்களா? இல்லை! ஒருவர் பேனாவை மூடினார். ஒருவர் டையைத் தளர்த்தினார். ஓர் அம்மையார் மழையை எதிர்பார்த்துக் கூரையை அண்ணாந்து பார்த்தார். நானும் சொக்கித்தான் போனேன். பிறகு அக்காவின் தோளைத் தொட்டு, என் மைக்கைப் போட்டு, விட்ட கப்பலைத் துரத்திப் பிடித்தேன்.

"போச்சு தம்பி! பேரும் போச்சு, பொழைப்பும் போச்சு" என்று அக்கா அழுதார். இடைவேளையில் கதவு தட்டப்பட்டது. நரைத்த தலைப் பிரதிநிதி ஒருவர். புகார்தான் என்று நடுங்கினோம்.

"ஏம்மா, பாதியில நிறுத்திட்டீங்களே! மழை வந்துச்சா, இல்லையா?"

அழுத முகத்தோடு அக்கா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை எந்த மொழியில் பெயர்ப்பேன்?

அன்று அவர் பிழைப்புத் தப்பியது. பக்கத்து நாற்காலியில் ஆள் இருந்ததால் தப்பியது! தனியாக இருந்திருந்தால்? தோழர்களே, ஊரார் களைப்பையெல்லாம் "நான்" என்று சொன்ன நாம், நம் களைப்பை நாமே சொல்ல வேண்டாமா? உறக்கத்தில் உளற வேண்டாம், விழித்திருந்தே சொல்வோம்! கூண்டுக்கு இருவர்! தீர்மானத்துக்குக் கை தூக்குங்கள்! கடைசி வரிசை அண்ணனும் தூக்கிவிட்டார். சோம்பல் முறிக்கிறாரோ என்னவோ, சேர்த்தே எண்ணிக்கொள்ளுங்கள்.

கேட்ட செவிகளுக்கு நன்றி. காத்திருக்கும் தலையணைகளுக்கும் சேர்த்து வணக்கம். அக்கா, எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. மைக்கை வாங்கிக்கொள்ளுங்கள். நான் பக்கத்தில்தான் இருக்கிறேன்.