ஊசி வரிசையில் ஓர் ஓட்டக்காரன்

கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்திருந்த நேரம். முக்கூடல் பள்ளிக்கூடத்தில் தடுப்பூசி வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஓர் அம்மாவும், கல்லூரியில் படிக்கும் அவளுடைய மகனும் நின்றார்கள்.

"எம்மா, இந்த ஊசியப் போட்டா இன்னும் குண்டாயிருவேனா?" என்று அவன் கேட்டதும் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஊசியாலயாலே நீ இப்படி ஊதிக் கெடக்க? விடிய விடிய செல்லு. மத்தியானம் எந்திச்சு நேரா சோத்துச் சட்டிக்குப் போறது. ஆன்லைன் கிளாஸ் நடக்கும்போதே கொறட்ட விடுத!"

"காலேஜ் டீம்ல ஓடிக்கிட்டிருந்தவன வீட்டுக்குள்ள போட்டுப் பூட்டுனது யாரு? மொட்ட மாடில ஓடுனாக்கூட கத்துத. நேத்து கோச் போன் பண்ணாரு. என் எடையக் கேட்டுட்டு ஒண்ணுமே சொல்லாம வச்சிட்டாரு."

"பின்ன பூட்டாம? ஒங்கப்பாவும் இந்தா வந்திருதேன்னுதான் வெளிய போனாவ. காய்ச்சலோட வந்தாவ. கடைசில ஆஸ்பத்திரில மூஞ்சியக்கூடக் காட்டல."

முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் முகக்கவசத்தை மேலே இழுத்துவிட்டுக்கொண்டான். வரிசை நகர்ந்தது. கொஞ்சம் கழித்து மெதுவாகக் கேட்டான்.

"நாளைக்குக் காலைல ஆத்துப் பாலத்துல ஓடிட்டு வரட்டா?"

"ஒன்னோட மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லலே."

"அப்பம் போவட்டா?"

"நானும் வாரேன்."

"நீ எங்க ஓடுவ?"

"நான் எதுக்கு ஓடுதேன்? பாலத்து முக்குல நிக்கேன். நீ என் கண்ணுக்குத் தெரியுத தூரத்துலயே ஓடு."