முதல் பூச்சு காயும் வரை

பேச வருகிறவர்களையெல்லாம் தம் கைக்கடிகாரத்தைக் காட்டியே கனிவோடு மிரட்டிக்கொண்டிருக்கும் அவைத் தலைவர், எங்கள் தலைமை மருத்துவர் அவர்களே! கத்தியெடுத்தாலும் கருணை குறையாத அறுவை மருத்துவப் பெருமக்களே! வார்டுக்கு வார்டு ஓடிய கால்களோடு வந்து அமர்ந்திருக்கும் என் செவிலியச் சகோதரிகளே! நாங்கள் நடக்கும் தரையை நாளெல்லாம் துடைக்கும் துப்புரவுத் தோழர்களே! இருமலோடு வந்து, இன்று இயல்பான மூச்சோடு இங்கே வீற்றிருக்கும் பெரியோர்களே! அசந்தால் மறுபடியும் பெட்டிக்கடைப் பக்கம் நழுவிவிடுவார்களோ என்று அந்தப் பெரியோர்களுக்கு அருகிலேயே காவலிருக்கும் தாய்மார்களே! உங்கள் அனைவரையும் உளமார வணங்குகிறேன்.

அந்த மூன்றாம் வரிசை அம்மா தலையாட்டுகிறார், பாருங்கள். நான் சொன்னது சரிதான்.

புகைப்பழக்கத்தை நிறுத்த உதவும் அறையை நம் மருத்துவமனையில் திறந்து இரண்டாண்டு நிறைகிறது. சாதனையைப் பேசுங்கள் என்றார்கள். சாதனையைப் பேசச் சான்றோர் பலர் இருக்கிறார்கள். நான் பேச வந்தது என் பிழையை. ஒரே ஒரு சொல்லில் நேர்ந்த பிழையை!

இந்த அறை வருவதற்கு முன்பு ஒருநாள் காலை, வார்டில் கட்டிலுக்குக் கட்டில் புது நோயாளி. நானோ கையில் படிவமும் காலில் சக்கரமுமாக ஓடிக்கொண்டிருக்கிறேன். ஏழாம் கட்டிலில் ஒரு பெயிண்டர். வீடுகளுக்கு வண்ணம் பூசுகிறவர். காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துப்போய், பத்தடி நடந்தால் கெண்டைக்கால் கல்லாகிவிடும் நிலையில் வந்திருந்தார். மறுநாள் அறுவை சிகிச்சை. “இனி புகை கூடவே கூடாது. பிடித்தால் நாங்கள் போடுகிற புது வழியும் அடைத்துக்கொள்ளும். அப்புறம் காலையே எடுக்க வேண்டிவரும்” என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். ஏணியை நம்பிப் பிழைக்கும் மனிதருக்குக் கால் போனால் என்ன மிஞ்சும்?

படிவத்தைப் பார்த்தபடியே கேட்டேன்: “புகை விடுவீங்களா அண்ணே?”

“விட்டாச்சு சிஸ்டர்.”

விட்டுவிட்டார் என்று எழுதினேன். அடுத்த கட்டிலுக்குப் போனேன். நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேனா? பார்க்கவில்லை. எப்போது விட்டீர்கள் என்று கேட்டேனா? கேட்கவில்லை.

அறுவை நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் மனிதர் மாறிப்போனார். வேர்த்துக் கொட்டுகிறது. கை நடுங்குகிறது. தண்ணீர் கொடுத்த மனைவியின் கையைத் தட்டிவிட்டு, “போடி வெளியே!” என்று கத்துகிறார். டம்ளர் உருண்டு எங்கோ போகிறது. நாங்கள் என்ன முடிவு கட்டினோம்? ஆள் முன்கோபி என்று முடிவு கட்டினோம்! படிவம்தான் தெளிவாகச் சொல்கிறதே, வேறு காரணத்தை யார் தேடுவார்கள்?

அந்த அம்மா நடைபாதையில் நின்று அழுதார். “இருபத்தெட்டு வருஷத்துல என்னை ஒரு தடவை வாடி போடின்னு ‘டீ’ போட்டுப் பேசினதில்லை சிஸ்டர். ஆபரேஷன்ல எதையாவது மாத்தி வச்சுட்டீங்களா?” என்று கேட்டார்.

சிரிக்கிறீர்கள். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

பிற்பகல் கட்டில் காலி. தேடினேன், தேடினேன், பின்பக்க மாடிப்படியில் கண்டேன். தையல் போட்ட காலை நீட்டி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதட்டில் சிகரெட். சுற்றிலும் ஒடிந்த தீக்குச்சிகள். நடுங்கும் கையால் ஒன்றைக்கூடப் பற்றவைக்க முடியவில்லை!

“விட்டாச்சுன்னு சொன்னீங்களே அண்ணே?”

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். “ஆமா, விட்டேனே சிஸ்டர். உள்ள வந்தா விட முடியாதுன்னு, கேட்டுக்கு வெளியிலேயே ரெண்டு விட்டுட்டுத்தானே வந்தேன்?”

அன்பு நிறைந்த அவையோரே! புகையை ஊதுவதற்கும் ‘விடுவது’ என்கிறோம். புகையை நிறுத்துவதற்கும் ‘விடுவது’ என்கிறோம். அவர் ஊதியதைச் சொன்னார், நான் நிறுத்தியதாக எழுதினேன். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. முப்பதாண்டுப் பழக்கம் ஒரே நாளில் நின்றுபோனதில் உடம்பு தவித்த தவிப்பை, நாங்கள்தான் திமிர் என்று பெயர் வைத்து வேடிக்கை பார்த்தோம்.

“கால் போயிடும்னு தெரியும் சிஸ்டர். தெரிஞ்சும் கை கேக்க மாட்டேங்குது. நான் என்ன மனுஷன்?” என்று அந்தப் பெரிய மனிதர் குலுங்கி அழுதார். நானும் படியில் உட்கார்ந்தேன். “தப்பு என்னோடது அண்ணே, மன்னிச்சிடுங்க” என்றேன். மருத்துவர் வந்தார், திட்டவில்லை. தோளில் நிக்கோட்டின் பட்டை ஒட்டினோம், மெல்லுவதற்கு மருந்து கொடுத்தோம். மறுநாள் நடுக்கம் தணிந்தது. மனைவியைக் கூப்பிட்டு, “அந்த டீயை வாபஸ் வாங்கிக்கிறேன்” என்றார். “காபியாவது குடுங்க” என்றார் அந்த அம்மா!

அன்றைக்கே படிவத்தை மாற்றச் சொல்லிச் சண்டை பிடித்தேன். இன்று நாங்கள் “விடுவீங்களா” என்று கேட்பதில்லை. “கடைசியா எப்போ பிடிச்சீங்க?” என்று கேட்கிறோம், கண்ணைப் பார்த்துக் கேட்கிறோம். பதில் எதுவானாலும் முகம் சுளிப்பதில்லை.

ஆனால் மருந்து மட்டும் போதுமா? வீட்டுக்குப் போகும் முன் அவரே சொன்னார்: “வீட்டுல பயமில்லை சிஸ்டர். வேலைக்குப் போனாத்தான் பயம். முதல் பூச்சு அடிச்சா காயணும்ல? காஞ்சாத்தானே ரெண்டாவது பூச்சு? அந்த நேரத்துல சும்மா நின்னா கை தானா பாக்கெட்டுக்குப் போகும்.”

முப்பதாண்டுச் சிக்கலின் முடிச்சு அங்கேதான் இருந்தது! “அந்த நேரத்துல எங்க வார்டுக்குப் போன் பண்ணுங்க” என்றேன்.

ஏணி ஏறும் அளவுக்குக் கால் தேறியதும் வேலைக்குப் போனார். போனும் வந்தது. “சிஸ்டர், சுவர் காயுது” என்பார், அவ்வளவுதான். நான் இருந்தால் நான் பேசுவேன். நான் இல்லையென்றால் மருந்தாளுநர் பேசுவார். துப்புரவு அக்கா தன் மருமகள் கதையைச் சொன்னால் சுவர் காய்ந்து வெடித்தே போகும்! அதோ, முகத்தை மூடிக்கொள்கிறார். ஆசை எழும் வேகத்துக்குச் சில நிமிடம்தான் ஆயுள். அந்தச் சில நிமிடத்துக்கு ஒரு குரல் துணை வேண்டும், அவ்வளவே.

ஒருநாள் குரல் கம்மியிருந்தது. “இன்னைக்கு ஒண்ணு பிடிச்சிட்டேன் சிஸ்டர். இனிமே உங்களுக்குப் போன் பண்ண எனக்கு யோக்கியதை இல்லை.”

“அடுத்தது பிடிச்சீங்களா?”

“இல்லை.”

“அப்ப நாளைக்கும் பண்ணுங்க.”

பண்ணினார். பண்ணிக்கொண்டே இருந்தார். வழுக்கியவரிடம் ஏன் வழுக்கினாய் என்று வழக்காடுவதா மருத்துவம்? மறுபடி எழ ஒரு கை, மனம் ஆற ஒரு சொல், மறுநாளும் திறந்திருக்கும் ஒரு கதவு. இதை நம்மால் கொடுக்க முடியாதா? மாத்திரையைக் கணக்காகக் கொடுக்கும் நாம், மரியாதையைக் கணக்கில்லாமல் கொடுக்கக் கூடாதா?

சில மாதம் கழித்து ஒருநாள் போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுபடி புகையா, காலுக்கு ஏதாவது ஆகிவிட்டதா? நானே அழைத்தேன். மனைவி எடுத்தார்.

“அண்ணன் எப்படி இருக்காரும்மா? காலு?”

“நல்லா இருக்கு சிஸ்டர். இன்னைக்கு நானும் கூட வந்திருக்கேன். அதோ, ஏணி மேல நின்னு அடிச்சிட்டிருக்காரு.”

“மூணு நாளா போனே இல்லையேம்மா?”

அந்த அம்மா அவரைக் கேட்டார். தூரத்தில் ஏதோ பதில் கேட்டது. பிறகு அந்த அம்மா சிரிப்பும் அழுகையுமாகச் சொன்னார்: “மறந்துட்டாராம் சிஸ்டர். சிகரெட்டும் ஞாபகம் வரலியாம், உங்க ஞாபகமும் வரலியாம்!”

போனை வைத்துவிட்டு, வார்டு நடுவில் நின்று ஓவென்று அழுதேன். பெற்ற பிள்ளை மறந்தால் நெஞ்சு நோகும். பேணிக் காத்த நோயாளி நம்மை மறந்தால், அதைவிடப் பெரிய விருது நமக்கு ஏது? மறக்கப்படுவோம் சகோதரிகளே! மனமார, மகிழ்ச்சியாக, மொத்தமாக மறக்கப்படுவோம்!

பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும், கடிகாரத்தைப் பையில் போட்டுவிட்ட தலைவர் அவர்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. நீங்கள் இழுக்கும் ஒவ்வொரு மூச்சும் நல்ல மூச்சாக இருக்கட்டும். வணக்கம்.